எரிச்சலே தெரியாத நீர்க்கடுப்பு: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு காய்ச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். முப்பது வயதுத் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்து. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலி வந்தது, வீட்டு வாசலில் சாய்தளம் வந்தது, போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு வேலையும் கிடைத்தது. இப்போது திடீரென்று 102 டிகிரி காய்ச்சல். உடம்பு தூக்கிப் போடுகிறது.

அண்ணன் மருந்துக்கடைக்கு ஓடுகிறார். "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாப்பா?" என்று கேட்கிறார் கடைக்காரர். "அதெல்லாம் இல்லண்ணே" என்கிறார் இவர். "அப்ப வைரல் ஃபீவராத்தான் இருக்கும்." ஒரு காய்ச்சல் மாத்திரை, மூன்று நாளைக்கு ஒரு ஆன்டிபயாடிக். காய்ச்சல் இறங்குகிறது. சரியாக ஒன்றரை மாதத்தில் மறுபடியும் வருகிறது.

இது கற்பனை வீடுதான். ஆனால் தண்டுவடக் காயத்தோடு வாழும் யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையின் ஏதோ ஒரு வடிவத்தைச் சொல்வார்கள். கடைக்காரர் கேட்ட கேள்வி எல்லோருக்கும் பொருந்தும், இந்தத் தம்பிக்கு மட்டும் பொருந்தாது. எரிச்சலை உணரும் பாதையே அறுந்துபோன ஒருவரிடம் எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

2023 ஜூலையில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்கு நடுவே சுரங்க நிறுவனத்துக்காக வாய்க்கால் வெட்டப்பட்டபோது வளையமாதேவியின் பெயர் தமிழ்நாடு முழுவதும் செய்தியில் அடிபட்டது. பக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப், வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்புக்குப் போகும் நெடுஞ்சாலை, லாரிகள், கட்டட வேலை, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள், எங்கும் தென்னை. இந்தியாவில் தண்டுவடம் அடிபடுவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும்தான். இப்படிப்பட்ட வட்டாரத்தில் இது யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை. உலகம் முழுவதும் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடக்க முடியாமல் போவதைத்தான் வெளியில் இருப்பவர்கள் பெரிய இழப்பாகப் பார்க்கிறோம். காயம்பட்டவரைக் கேட்டால் முதலில் சொல்வது பெரும்பாலும் சிறுநீரைப் பற்றியே இருக்கும்.

சிறுநீர்ப்பைக்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு?

சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. அதன் வாயில் ஒரு சுருக்குத் தசை. பை நிறையும்போது தசை தளர்ந்தும் வாய் மூடியும் இருக்க வேண்டும். கழிக்கும்போது பை சுருங்க வேண்டும், அதே நொடியில் வாய் திறக்க வேண்டும். இந்த ஒத்திசைவை மூளையின் தண்டுப் பகுதியில் உள்ள ஒரு மையம் நடத்துகிறது. அதன் கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி, அடிமுதுகில் உள்ள நரம்புகள் மூலம் சிறுநீர்ப்பைக்குப் போகிறது. "பை நிறைந்துவிட்டது" என்ற தகவலும் அதே வழியில்தான் மேலே வர வேண்டும்.

நடுவில் தண்டுவடம் அடிபட்டால் தகவலும் போகாது, கட்டளையும் வராது. காயம் எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்துச் சிக்கலும் மாறும். அடிமுதுகில் அடிபட்டவர்களுக்குப் பை தொய்ந்துபோய், சுருங்கவே சுருங்காமல் நிரம்பிக் கிடக்கும். அதற்கு மேலே அடிபட்டவர்களுக்குப் பை தானாகவே சுருங்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து வாயும் இறுக மூடிக்கொள்ளும். பூட்டிய கதவை உள்ளேயிருந்து முட்டுவது போலத்தான். அழுத்தம் ஏறி, சிறுநீர் வந்த வழியே சிறுநீரகத்துக்குத் திரும்பும் ஆபத்து உண்டு.

இரண்டு வகையிலும் பொதுவான ஒன்று, பை முழுசாகக் காலியாவதில்லை. அடியில் சிறுநீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீரில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள்

மலக்குடலில் சாதாரணமாகவே வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான் சிறுநீர்த்தொற்றுக்கு அதிகம் காரணமாகிறது. சாதகமான சூழலில் அது சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே போனதாக வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்தில் அது 4,096 ஆகும். 8 மணி நேரம் விட்டால் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். சிறுநீருக்குள் இவ்வளவு வேகம் இருக்காதுதான். ஆனால் கணக்கின் போக்கு இதுவே.

நமக்கெல்லாம் இது ஏன் அடிக்கடி வருவதில்லை? சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போய்ப் பையைக் காலி செய்கிறோம். வந்த கிருமி அதோடு அடித்துச் செல்லப்படுகிறது. உடம்பின் முதல் காவல் இதுதான். தண்டுவடக் காயம் இந்தக் காவலைத்தான் எடுத்துவிடுகிறது.

6 மாதத்தில் 2 முறை, அல்லது ஒரு வருடத்தில் 3 முறை தொற்று வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். தண்டுவடக் காயம் உள்ள பலருக்கு இந்த எண்ணிக்கை சாதாரணம்.

"சிகிச்சை செய்யத் தகாத நோய்"

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று பெயர். கழுத்தெலும்பு விலகி, கைகால் உணர்விழந்து, தன்னை அறியாமல் சிறுநீர் சொட்டும் ஒருவரை அது விவரிக்கிறது. கடைசியில் இது சிகிச்சை செய்யத் தகாத நோய் என்று முடிக்கிறது. முதலாம் உலகப் போர் வரைக்கும்கூட நிலைமை பெரிதாக மாறவில்லை. தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றவை சிறுநீர்த்தொற்றும் படுக்கைப் புண்ணும்.

மாற்றம் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தொடங்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் அங்கே தண்டுவடக் காயப் பிரிவை நடத்தினார். நோயாளிகளைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீரைக் கிருமி சேராமல் முறையாக எடுப்பது, விளையாட வைப்பது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அங்கே 1948இல் அவர் தொடங்கிய சக்கர நாற்காலிப் போட்டிகள்தான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆயின. மைதானத்தில் பதக்கம் வாங்குவதற்கு முன்னால் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குச் சிறுநீரகம் பிழைக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கதை வேலூரில் தொடங்குகிறது. சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தானே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணனும் தண்டுவடக் காயம்பட்டவர்தான். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவர்கள் சாதனையைப் பேசும்போது நாம் பேசாமல் விடுவது ஒன்றுண்டு. இந்த ஆண்டுகள் முழுக்க ஒவ்வொரு நாளும் பல முறை சிறுநீரை எப்படி எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் மற்ற எதுவும் நடக்கும்.

நிரந்தர டியூபா, நேரத்துக்கு நேரம் டியூபா?

சிறுநீரை வெளியே எடுக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, உள்ளேயே இருக்கும் டியூபும் யூரின் பேக்கும். இன்னொன்று, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபைத் தானே செருகி, சிறுநீர் வந்ததும் எடுத்துவிடுவது. இதைச் சி.ஐ.சி. என்பார்கள். தூய்மையான இடைவெளி வடிகுழாய் முறை என்று தமிழில் சொல்லலாம்.

நிரந்தர டியூப் வசதியாகத் தெரியும். ஆனால் டியூபின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் எளிதில் நுழையாது. டியூப் வைத்து ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா இருக்கும். புரோட்டியஸ் என்ற ஒரு வகைக் கிருமி சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டி, உப்புப் படிவை உண்டாக்கி, டியூபையே அடைத்துவிடும். கல் உருவாகவும் அதுவே காரணமாகும்.

சி.ஐ.சி.யில் டியூப் உள்ளே தங்குவதில்லை. பை காலியாகிறது, மறுபடி நிறைகிறது, மறுபடி காலியாகிறது. இயல்பான உடம்பு செய்வதைக் கையால் செய்கிறோம்.

இந்த முறைக்கு முதலில் ஒரு தடை இருந்தது. அறுவை அரங்கு போலக் கையுறை, கிருமி நீக்கிய துணி எல்லாம் வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படியானால் வீட்டில் யார் செய்ய முடியும்? 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடிஸ் வேறு மாதிரி சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், முழுக் கிருமி நீக்கம் தேவையில்லை. பை அளவுக்கு மீறி உப்பினால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து, கிருமியை எதிர்க்கும் திறன் போய்விடுகிறது என்பது அவர் வாதம். எனவே நேரம் தவறாமல் காலி செய்வது முக்கியம் என்றார். பலர் நம்பவில்லை. பிற்பாடு உலகம் முழுவதும் அதுவே வழக்கமானது.

கை வேலை செய்யும் பெரும்பாலானோருக்கு மருத்துவர்கள் இன்று முதலில் பரிந்துரைப்பது சி.ஐ.சி.தான். கழுத்தில் அடிபட்டு விரல்கள் இயங்காதவர்களுக்கும், செய்துவிட ஆள் இல்லாதவர்களுக்கும் அடிவயிற்றில் சிறு துளையிட்டு டியூப் வைப்பது போன்ற வேறு வழிகள் தேவைப்படும். எது யாருக்கு என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் கிருமி இருந்தால் அது நோயா?

குழப்பமும் தவறும் அதிகம் நடப்பது இங்கேதான். சிறுநீர்ப் பரிசோதனையில் பாக்டீரியா இருக்கிறது என்று வந்தால் உடனே மாத்திரை போட வேண்டும் என்று நினைக்கிறோம். டியூப் பயன்படுத்துபவர்களுக்கு அது பொருந்தாது. கிருமி தங்கியிருப்பது வேறு, தொற்று வேறு.

அறிகுறி எதுவும் இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். தண்டுவடக் காயம் உள்ளவர்களையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு. "கிருமி இருக்குன்னு போட்டிருக்கே, சும்மா விடலாமா?" என்று அம்மா பதறுவது நியாயம்தான். ஆனால் அறிகுறி இல்லாதபோது மருந்து கொடுத்தால் சாதுவான கிருமி செத்து, அந்த இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி வந்து உட்காரும்.

அப்படியானால் எரிச்சல் தெரியாத ஒருவருக்குத் தொற்று என்று எப்படித் தெரியும்? உடம்பு வேறு மொழியில் சொல்லும்:

• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக இழுப்பது, துடிப்பது, விறைப்பது
• இரண்டு முறை டியூப் போடுவதற்கு இடையில் புதிதாக ஒழுகுவது
• காரணம் தெரியாத அசதி, வயிற்றிலோ முதுகிலோ இனம் தெரியாத சங்கடம்
• சிறுநீரில் ரத்தம்

கலங்கலும் நாற்றமும் மட்டும் இருந்தால் அது போதுமான ஆதாரம் இல்லை. வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால்கூடச் சிறுநீர் அப்படி மாறும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தலைவலியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்

மார்பின் நடுப்பகுதிக்கு மேலே, அதாவது மார்புத் தண்டுவடத்தின் 6ஆம் கண்ணி அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களுக்கு ஓர் அவசர நிலை வரலாம். டியூப் மடங்கியோ, பை நிரம்பியோ, தொற்று ஏற்பட்டோ இருந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தலை வெடிப்பது போல வலிக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டும். இவர்களுக்கு வழக்கமான அழுத்தமே குறைவாக இருக்கும் என்பதால், வழக்கத்தைவிட 20 முதல் 40 கூடினாலே ஆபத்து. கருவியில் 140 என்று காட்டுவதைப் பார்த்து "நார்மல்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை: படுத்திருந்தால் எழுப்பி நேராக உட்கார வையுங்கள். பெல்ட், இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, பேக் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சி.ஐ.சி. செய்பவராக இருந்தால் பையைக் காலி செய்யுங்கள். மலச்சிக்கலும் இதே நிலையை உண்டாக்கும். சரியாகவில்லை என்றால் 108 அழைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

இரண்டு மணி நேரப் பந்தயம்

அறிகுறி இருந்தால் அடுத்த படி கல்ச்சர் டெஸ்ட். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்பதை இந்தப் பரிசோதனை சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ச்சல் கடுமையாக இருந்தால் மருத்துவர் அதுவரை காத்திருக்காமல் ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். ஆனால் மாதிரியை எடுப்பது முதல் மாத்திரைக்கு முன்னால் நடக்க வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். யூரின் பேக்கிலிருந்து பிடித்த சிறுநீர் பயன்படாது. அதில் மணிக்கணக்காகக் கிருமி வளர்ந்திருக்கும். நாள்பட்ட டியூப் என்றால் பழையதை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு, அதிலிருந்து வரும் சிறுநீரைத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டியூபில் படிந்த பாசிக்குத்தான் வைத்தியம் பார்க்க நேரிடும்.

அடுத்து, மாதிரி சுமார் 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் முடியாது என்றால் ஃபிரிட்ஜில், 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு இது ஒரு ஆட்டோ தூரம். வளையமாதேவியில் இருப்பவர் நெய்வேலிக்கோ, விருத்தாசலத்துக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாதிரியைக் கொண்டுபோக வேண்டும். பஸ் தாமதமாகி, டப்பா வெயிலில் கிடந்தால், வழியில் வளர்ந்த கிருமி ரிப்போர்ட்டில் வரும். அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு வாரம் தவறான மருந்து ஓடும். ஐஸ் போட்ட ஒரு சின்ன டிபன் பாக்ஸ் இதைத் தடுக்கும்.

அதே மாத்திரையை மறுபடி வாங்கினால் என்ன?

"போன தடவை இதுதான் கேட்டுச்சு, அதையே குடுங்க." மருந்துக்கடையில் அடிக்கடி காதில் விழும் வரி. மூன்று நாள் போட்டுக் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைப்பதும் வழக்கம். டியூப் பயன்படுத்துபவர்களின் தொற்றுக்குச் சிகிச்சை பொதுவாக 7 நாள். மெதுவாகத் தேறினால் 10 முதல் 14 நாள்.

இந்தியாவில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்குவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஒருவருக்கு வருடத்தில் நான்கைந்து முறை தொற்று வந்தால், சீக்கிரமே மாத்திரைகள் எல்லாம் தோற்று, ஊசி மட்டும் மிஞ்சும். ஊசி என்றால் மருத்துவமனைப் படுக்கை, கூட ஒரு ஆள், சம்பளமில்லா விடுப்பு.

சரி, வருமுன் காக்கத் தினமும் ஒரு சிறு அளவு ஆன்டிபயாடிக் எடுத்தால்? பிரிட்டனில் சி.ஐ.சி. செய்யும் 404 பேரிடம் ஒரு வருடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தொற்று 48 சதவீதம் குறைந்தது. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அவர்களிடம் கூடின. அதனால்தான் எல்லோருக்கும் இதை எழுதித் தருவதில்லை. வேறு வழி பலிக்காத சிலருக்கு மட்டும் மருத்துவர்கள் யோசித்துத் தருகிறார்கள்.

ஆன்லைனில் விற்கும் கிரான்பெரி மாத்திரை? தண்டுவடக் காயம் போன்ற நரம்புப் பாதிப்பு உள்ள 305 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. வாழைத்தண்டுச் சாறு, பார்லி கஞ்சி, இளநீர் எல்லாம் உடம்புக்கு நீர் சேர்க்கும், அவ்வளவே. "சூட்டு உடம்பு, இளநி குடிச்சா சரியாயிடும்" என்று 102 டிகிரி காய்ச்சலைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியமும் ஒத்துக்கொள்ளாது.

திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேடுங்கள்

ஒவ்வொரு முறையும் கிருமியைக் கொல்வதோடு நிறுத்தினால் அடுத்த முறை வரத்தான் செய்யும். பையில் கல் இருக்கிறதா? முழுசாகக் காலியாகிறதா? உள்ளே அழுத்தம் அதிகமா? வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையும் உண்டு. அழுத்தம் அதிகம் என்றால் பையைத் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன. அவை கேட்காதவர்களுக்குப் பையின் தசையிலேயே போடும் போட்டாக்ஸ் ஊசியும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் கிரியாட்டினின் நார்மல் என்று வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. கால் தசைகள் மெலிந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே குறைவாக இருக்கும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபின்னும் ரிப்போர்ட் நார்மல் என்று காட்டலாம். தண்டுவடக் காயம் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் டியூப் வேலை குறையுமே என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பாக வேலைக்குப் போகிறவர்கள். நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் வருகிறது, ஒருமுறைக்கு 500 மில்லிக்கு மேல் தேங்கக் கூடாது என்றால் குறைந்தது 4 முறை எடுத்தாக வேண்டும். ஆகவே ஒரேயடியாக ஒரு லிட்டர் குடிக்காமல் பகல் முழுவதும் பிரித்துக் குடிப்பது நல்லது. அளவை மருத்துவர் சொல்வார்.

கழிவறைக் கதவின் அகலம்

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒருவருக்குத் தொற்று வரலாம். ஏனென்றால் மீதிப் பிரச்சினை அவர் உடம்பில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலி நுழையாத கழிவறை, கைகழுவச் சோப்பு இல்லாத பஸ் நிலையம், மூன்று மாடி ஏறி இறங்க வேண்டிய அலுவலகம். இப்படி இடமிருந்தால் காலை 8 மணிக்குக் கிளம்பியவர் மாலை 6 மணி வரை தண்ணீர் குடிக்க மாட்டார். பெண்களுக்கு இது இன்னும் கடினம். உட்காரச் சுத்தமான, தாழிடக்கூடிய இடம் இல்லாமல் சி.ஐ.சி. செய்ய முடியாது. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு கழிவறை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவே ஸ்டோர் ரூமாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செலவும் ஒரு கணக்குதான். நாளைக்கு 5 டியூப் என்றால் மாதம் 150, வருடம் 1,825. ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,000 ரூபாய். அதனால்தான் பலர் ஒரே டியூபைக் கழுவி, காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒருமுறைக்கு ஒன்று என்பதே நல்லது. முடியாதபோது எப்படிக் கழுவுவது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பதைப் பயிற்சி தந்த மருத்துவமனையிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் தவறான முறை வருடக்கணக்கில் தொடரும்.

அரசின் பக்கம் என்ன இருக்கிறது? 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு 49ஆவது மணி நேரம் என்பது வாழ்நாள் முழுவதும் நீள்கிறது. முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாத பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. அதே கையோடு டியூபும், கல்ச்சருக்கான டப்பாவும், ஐஸ் பெட்டியும் வந்தால் வளையமாதேவிக்கும் அண்ணாமலை நகருக்கும் இடையிலான அந்த இரண்டு மணி நேரம் சுருங்கிவிடும்.

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் தம்பி போனை எடுத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எனக்குத் தண்டுவடக் காயம். எரிச்சல் தெரியாது. நேத்துலேர்ந்து கால் ரொம்ப இழுக்குது, நடுவுல ஒழுகுது, 102 இருக்கு. மாத்திரை இன்னும் போடல. யூரின் எடுத்து ஐஸ்ல வச்சிருக்கேன்."

இந்த நான்கைந்து வரியைச் சொல்லத் தெரிந்தால் மாத்திரை சரியான கிருமிக்குப் போகும். பிறகு காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கலாம்.